கோழியா, முட்டையா: தாய்லாந்து மொழிக்குப் புத்தகம் வாங்கும் முன்

தேடுபொறியில் ‘தாய் மொழி கற்பது எப்படி’ என்று தட்டிப் பாருங்கள். பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் பற்றிய கட்டுரைகளும், தாய்மொழிப் பற்று குறித்த பேச்சுப்போட்டி உரைகளும் வந்து குவியும். நானும் ஒரு முழு இரவு அவற்றைப் புரட்டிய பிறகுதான் ‘தாய்லாந்து மொழி’ என்று மாற்றித் தட்டினேன்.

புதுச்சேரி சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து 2023-ல் ஒரு மாதம் தாய்லாந்தின் ரயோங்குக்கு அனுப்பினார்கள். புது இயந்திரத்தை ஓட்டப் பழகி வர வேண்டும். கையில் ஆறு வாரம் இருந்தது. மூன்று புத்தகம் வாங்கினேன், இரண்டு வீண். எந்தப் பிழையால் வீணாயின என்பதைச் சொல்லிவிட்டால் உங்கள் காசு மிஞ்சும்.

படி 1: எத்தனை நாள் போகிறீர்கள்?

பத்து நாள் சுற்றுலா என்றால் சட்டைப்பையில் அடங்கும் சொற்றொடர்க் கையேடு போதும்; நேரே படி 2-க்குப் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பாடப்புத்தகம் வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் இந்த மொழிக்கு 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடுகிறது. பயப்பட வேண்டாம். அது தூதரக அதிகாரிகளுக்கு. சோறு கேட்கவும் வழி கேட்கவும் அத்தனை மணி நேரம் தேவையில்லை.

படி 2: கடையில் நின்றபடியே கோழி–முட்டை சோதனை

நான் முட்டை சாப்பிடுவேன், கோழி சாப்பிட மாட்டேன். ஆகவே முதலில் மனப்பாடம் செய்த வாக்கியம் முட்டை போட்டு வறுத்த சோறு. குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் ‘காவ் பட் கை’ என்று எழுதிக்கொண்டேன். ரயோங்கில் முதல் நாள் மதியம், தொழிற்சாலை எதிரே இருந்த தகரக் கொட்டகைக் கடையில் அதைக் கம்பீரமாகச் சொன்னேன். வந்தது கோழிச் சோறு. மறுநாள் இன்னும் தெளிவாக, இன்னும் உரக்கச் சொன்னேன். கோழி இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

அந்த மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் ஒரே உயிரொலி, ஒரே தொனி. முதல் எழுத்தில் மூச்சு வருகிறதா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். நாம் விரலும் உள்ளங்கையும் சேர்ந்த ‘கை’ என்று சொல்கிறோமே, அதைச் சற்றே தணிந்த குரலில் சொன்னால் கோழி. முட்டைக்கு மூச்சைத் தள்ளி ‘க்ஹை’ என்று சொல்ல வேண்டும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். முட்டைக்குக் கையில் காற்று அடிக்க வேண்டும். கோழிக்கு அடிக்கக் கூடாது.

தவறு என்னுடையது மட்டுமல்ல. என் கையேடு ஆங்கிலேயர்களுக்காக எழுதப்பட்டது. ஆங்கிலேயர் பூனையைச் சொல்லும்போது முதல் எழுத்திலேயே மூச்சு தானாக வந்துவிடும். ஆகவே அந்தப் புத்தகம் முட்டைக்கு ஆங்கிலக் ‘கே’ எழுத்தைப் போட்டிருந்தது; கோழிக்கு ‘ஜி’ எழுத்தைப் போட்டிருந்தது. ஆங்கிலேயர் படித்தால் முட்டை வரும். நாம் படித்தால் ‘கே’ என்பது நம்முடைய மூச்சில்லாத க. கோழிதான் வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ப-வில் இருக்கிறது. மூச்சில்லாத ‘பா’ என்றால் அம்மா அல்லது அப்பாவின் அக்கா. சாப்பாட்டுக் கடை நடத்தும் மூத்த பெண்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். மூச்சுடன் சொன்னால் துணி. ‘பலூன்’ என்பதில் வரும் அதிர்வோடு சொன்னால் பைத்தியம். மூன்றுக்கும் தொனி ஒன்றே. மரியாதைக்கு முன்னால் ‘குன்’ சேர்த்து ‘குன் பா’ என்பார்கள். தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் ப என்ன ஆகும்? அன்பு, நண்பன், கம்பு என்று சொல்லிப் பாருங்கள், தானாக அதிர்ந்துவிடும். நான் ஒரு வாரம் அந்தக் கடைக்கார அம்மாவைக் கும்பிட்டு, புன்னகையோடு, ‘நீங்கள் பைத்தியம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் அவருடைய பேத்தி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடியபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே கடையில் புத்தகத்தை எடுத்ததும் உணவுப் பக்கத்தைத் திறந்து கோழி, முட்டை இரண்டையும் பாருங்கள். முட்டைக்கு மட்டும் ‘எச்’ எழுத்தைச் சேர்த்து, கோழியை வெறும் ‘கே’-யில் எழுதியிருந்தால் வாங்கலாம். கோழி ‘ஜி’-யில் தொடங்கினால் திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள். இன்னொன்று: தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்காதீர்கள். நம் ஒரே க-வும் ஒரே ப-வும் இந்த வேலைக்குப் போதாது. ஏனாமிலும் மாஹேயிலும் பள்ளிக்குப் போனவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். அவர்களுடைய தெலுங்கு, மலையாள எழுத்தில் நான்கு க இருக்கிறது.

நம் ஊருக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. பிரெஞ்சு தெரிந்தவர்கள் பிரெஞ்சு வழியாக எழுதப்பட்ட புத்தகத்தைத் தேடுங்கள். பிரெஞ்சின் க, ப, த நம்முடையதைப் போலவே மூச்சில்லாமல் வருபவை. நமக்குத் தடுக்கும் இடத்தில்தான் பிரெஞ்சுக்காரருக்கும் தடுக்கும். ஆகவே அங்கேயே நின்று விளக்கியிருப்பார்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் குவியலில் 60 ரூபாய்க்கு எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. படிக்கும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். அவர் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். “தம்பி, இதில் நாக்குக்கு வேலையே இல்லை, மூச்சுக்குத்தான்” என்றார். மூன்று புத்தகங்களில் உருப்படியானது அதுதான். அட்டையின் பின்பக்கம் 2535 என்று இருந்ததைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தேன். அது புத்த ஆண்டு. 543 கழித்தால் 1992. ரயோங்கில் பால் பாக்கெட்டில் 2566 என்று பார்த்தபோது அதனால் திடுக்கிடவில்லை.

படி 3: அருகிலா, தொலைவிலா?

அடுத்து அதே புத்தகத்தில் ‘அருகில்’, ‘தொலைவில்’ என்ற இரண்டு சொற்களையும் தேடுங்கள். இரண்டும் காதுக்கு ‘க்லை’ போலவே இருக்கும். அருகில் என்றால் குரல் உச்சியில் தொடங்கிக் கீழே விழும். பொருளைக் காலடியில் போடுவது போல. தொலைவு என்றால் குரல் ஏறாமல் இறங்காமல் நேர்கோடாகப் போகும். மொத்தம் ஐந்து தொனிகள்: சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம். புத்தகத்தில் இந்த இரண்டு சொற்களையும் வேறுபடுத்திக் காட்டும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறியே இல்லாமல் இரண்டையும் ஒரே மாதிரி அச்சிட்டிருந்தால், பேருந்து நிலையம் அருகில் என்று நம்பி வெயிலில் நடக்க வேண்டியிருக்கும்.

அந்நாட்டு அரசின் சாலைப் பலகைகளில் இருக்கும் ஆங்கில எழுத்து முறை தொனியையும் காட்டாது, குறில் நெடிலையும் காட்டாது. பலகைக்கு அது போதும், பாடத்துக்குப் போதாது. அந்த முறையில் ‘பி’-யை அடுத்து ‘எச்’ வந்தால் அது ஃப அல்ல, மூச்சுள்ள ப. பூகெட் தீவை வேறு மாதிரி உச்சரித்துச் சங்கடப்படாதீர்கள்.

படி 4: எழுத்தைப் படியுங்கள், தள்ளிப்போடாதீர்கள்

ஆங்கிலப் புத்தகங்கள் எழுத்துப் பாடத்தைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடும். அவர்களுக்கு அது மலை. நமக்கு அப்படியில்லை. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. மகாபலிபுரத்துக் கல்வெட்டுகளின் தூரத்துப் பங்காளி. ‘கெ’ எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு க-வை முதலில் உச்சரிக்கிறோம். அங்கும் அதே வழக்கம். ‘கொ’ போல எழுத்தை இரு பக்கமும் அணைக்கும் உயிர்க்குறியும் உண்டு. ஆங்கிலப் புத்தகம் இதற்கு எட்டுப் பக்கம் செலவழிக்கும், நீங்கள் தாண்டிவிடலாம். எ, ஏ, ஒ, ஓ வேறுபாடும் நமக்குப் பழகியதுதான். சொல்லின் தொடக்கத்தில் ங வரும்; பாம்பு என்பதற்கு ‘ஙூ’. ‘ஙப் போல் வளை’ என்று ஒப்புவித்தவர்களுக்கு அதுவும் ஆகும்.

மெய்யெழுத்துகள் 44. அவற்றில் இரண்டு வழக்கொழிந்தவை. நாம் அ அம்மா, ஆ ஆடு என்பது போல அவர்கள் குழந்தைகள் எழுத்தைச் சொல்லோடு சேர்த்துப் படிக்கிறார்கள். முதல் எழுத்து கோழி, இரண்டாம் எழுத்து முட்டை! இதை முதல் நாளே படித்திருந்தால் எனக்கு அந்த மதியங்கள் மிச்சமாகியிருக்கும்.

எனக்குச் சறுக்கிய இடம் வேறு. எழுத்துகள் உயர், நடு, தாழ் என மூன்று வகை. தொனிக்குறிகள் நான்கு: ஏக், தோ, த்ரீ, சத்தவா. ஏகம், திரி, சதுர் தெரிந்த நமக்குப் பெயர்கள் மனத்தில் நின்றுவிடும். அங்கேதான் ஏமாந்தேன். ஏக் போட்டால் எப்போதும் ஒரே தொனி என்று நினைத்தேன். அப்படியில்லை. நடு வகை, உயர் வகை எழுத்தின் மேல் ஏக் வந்தால் தாழ்ந்த தொனி. தாழ் வகை எழுத்தின் மேல் அதே ஏக் வந்தால் இறங்கும் தொனி. நடு வகையில் ஒன்பது எழுத்துகள்தான். அந்த ஒன்பதிலிருந்து தொடங்கும் புத்தகத்தை வாங்குங்கள். 44-ஐயும் வரிசையாகக் கொட்டிவிட்டு விதிகளை அட்டவணையாக ஒட்டியிருக்கும் புத்தகம் வேண்டாம்.

படிக்கப் பழக, அந்நாட்டுக் குழந்தைகளின் வாசிப்புப் புத்தகமே சிறந்தது. 1978 முதல் 1994 வரை அங்கே தொடக்கப் பள்ளிகளில் இருந்த பாடநூலில் மானி என்ற சிறுமியும் மானா என்ற அண்ணனும் வருவார்கள். சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, படம். நாற்பது வயதில் அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் படிக்க வெட்கமாக இருந்தது, இருந்தாலும் படித்தேன்.

சொற்களில் நமக்குப் பழகிய முகங்கள் நிறைய உண்டு. ஆஹான் என்றால் ஆகாரம், பாசா என்றால் பாஷை, க்ரூ என்றால் குரு, வேலா என்றால் வேளை. கோழி, முட்டை எதுவும் வேண்டாம் என்பவர்கள் ‘மங்சவிரட்’ என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், மாமிசம் தவிர்த்தல். கடைப் பலகையில் ‘ச்சே’ என்று இருந்தால் பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது, முட்டையும் கிடையாது.

படி 5: ஒலி இல்லாத புத்தகம் பாதிப் புத்தகம்

ஒலிப்பதிவு இல்லையென்றால் வாங்க வேண்டாம். செலவே வேண்டாம் என்பவர்களுக்கு, படி 1-ல் சொன்ன அமெரிக்க நிலையத்தின் அடிப்படைப் பாடமும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய பாணி, தூக்கம் வரும், ஆனால் பயிற்சி உறுதி. கேட்கும்போது சொல்லின் கடைசியைக் கவனியுங்கள். அவர்கள் ப், ட், க் ஒலிகளை வாயை மூடியபடி விழுங்கிவிடுவார்கள். நமக்குக் குற்றியலுகரம் போகாது. வாக்கிய முடிவில் மரியாதைக்குச் சேர்க்கும் ‘க்ராப்’ என்பதைக் ‘கிராப்பு’ ஆக்கிவிடுவோம்.

மனப்பாட அட்டைகளுக்கு ஆங்கி என்ற செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம். முன்பக்கம் தாய்லாந்து எழுத்து மட்டும், பின்பக்கம் ஒலி. கோழிப் படத்தைக் காட்டி நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் செயலிகள் எனக்குப் பிடிக்காது. விரல் கற்றுக்கொள்ளும், வாய் கற்றுக்கொள்ளாது.

அகராதி என்றால், பெரியதாக வேண்டுவோருக்கு ஸ்டான்ஃபோர்டு 1964-ல் வெளியிட்ட மேரி ஹாஸ் அகராதி. தொனியும் குறில் நெடிலும் சுத்தமாக இருக்கும். பயணத்துக்குச் சுமக்காதீர்கள். கையேட்டில் ஒவ்வொரு வரியும் தாய்லாந்து எழுத்திலும் அச்சாகியிருக்க வேண்டும். வாய் தோற்றால் விரலால் காட்டலாம்.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். நான் சொன்ன ‘க்ராப்’ என்ற மரியாதைச் சொல்லை எல்லா வாக்கியத்திலும் சேர்த்துப் பழகிவிட்டாராம். மன்னிக்கவும், அது ஆண்கள் சொல்வது. பெண்கள் ‘க்ஹா’ என்று முடிக்க வேண்டும். சொல்லும்போது இறங்கும் தொனி, கேள்விக்கு உயர்ந்த தொனி. என் ஒலிப்பதிவில் ஆண் குரல் மட்டுமே இருந்ததால் நானும் யோசிக்கவில்லை. இரண்டு குரலும் உள்ள பதிவாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: எழுத்தெல்லாம் படித்தும் கடைப் பலகைகளை வாசிக்க முடியவில்லை என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். பாடநூல் எழுத்தில் சிறு சுழி இருக்கும். புதுப் பாணிப் பலகைகளில் அந்தச் சுழியை எடுத்துவிடுகிறார்கள். எழுத்துகள் ஆங்கிலம் போலத் தோன்றும். விளம்பரப் பலகைப் படங்களைத் தேடி, தெரிந்த சொல்லைக் கண்டுபிடித்துப் பழகுங்கள். கோழிச் சோற்றுக் கடைப் படங்களிலிருந்து தொடங்கலாம். கோழி என்ற சொல்லின் மெய்யெழுத்தில் எந்தப் பாணியிலும் சுழி கிடையாது.