0.054 என்றால் நிறைய வளையுமா? பவுலிங் பந்து வாங்கும்போது செய்யும் தவறுகள்

கிரிக்கெட் பவுலிங் இல்லை. 60 அடி தள்ளிப் பத்துப் பின்களை நிறுத்தி வைத்து உருட்டுகிறோமே, அந்த டென்பின் பவுலிங். அரங்கத்தில் கிடக்கும் பொதுப் பந்தில் ஒரு வருடம் ஆடிக் கை பழகியதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். சொந்தமாக ஒரு பந்து வேண்டும், அது கடைசி 15 அடியில் சட்டென்று திரும்பி உள்ளே பாய வேண்டும். அப்புறம் இணையத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்க்க ஆரம்பிப்போம். ஆர்.ஜி. 2.48, டிஃபரென்ஷியல் 0.054, அப்ரலான் 2000...

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கைக்காசுக்கு எட்டியதில் எதன் டிஃபரென்ஷியல் பெரியதோ அதை வாங்கினேன். பந்து வளையத்தான் செய்தது. ஆனால் பாதி வழியிலேயே வளைந்து, பின்களை நெருங்கும்போது சோர்ந்துபோய், ஒன்பதைத் தள்ளிவிட்டு மூலையில் 10-ஆம் பின்னை மட்டும் நிற்க வைத்துவிட்டு வரும். பந்தில் ஒரு குறையும் இல்லை. எண்களைத் தப்பாகப் படித்தது நான்தான்.

முதலில் ஆர்.ஜி. பந்துக்குள் இருக்கும் எடை நடுவில் குவிந்திருக்கிறதா, ஓரத்துக்குப் பரவியிருக்கிறதா என்பதைச் சொல்லும் அளவு இது. குவிந்திருந்தால் எண் சிறியது, பந்து சுலபமாகச் சுழலும், சீக்கிரம் உருளத் தொடங்கும். பரவியிருந்தால் எண் பெரியது, இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்கும் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் இதற்கு 2.46 முதல் 2.80 அங்குலம் வரை அனுமதிக்கிறது. இங்கே நடக்கும் தவறு, 0.01, 0.02 வித்தியாசத்தில் தொங்குவது. சுழற்சிக்கு எதிரான தடை ஆர்.ஜி.யின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2.48-க்கும் 2.50-க்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் கை ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் அதைவிட அதிகமாக மாறும். 2.48-ஐயும் 2.57-ஐயும் ஒப்பிட்டால் அர்த்தம் உண்டு.

டிஃபரென்ஷியலுக்கு வருவோம். ஏமாந்தவர்கள் அதிகம் இருக்கும் இடம் இதுதான்.

ஒரு வீச்சு முடிந்து பந்து திரும்பி வந்ததும் துடைக்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். லேனில் பூசிய எண்ணெய் பந்தின் மேல் வட்ட வட்டமாகக் கோடு போட்டிருக்கும். இரண்டு இடத்தில் கோடுகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கூடும், மற்ற இடங்களில் விசிறி மாதிரி விரியும். அந்த விரிவுக்குப் பெயர் ஃப்ளேர். ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் அச்சு கொஞ்சம் நகர்வதால்தான் கோடுகள் பிரிகின்றன. பிரிந்தால் லாபம் என்ன? ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய தோல் தரையைத் தொடுகிறது, பிடிப்பு கிடைக்கிறது. டிஃபரென்ஷியல் என்பது இந்த விரிவு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கான எண். உச்ச வரம்பு 0.060 அங்குலம்.

‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னேன். அட்டையில் இருப்பது துளை போடாத பந்தின் எண். விரல் துளைகளை எங்கே போடுகிறோம் என்பதை வைத்துத்தான் அந்த விரிவு கிடைப்பதும் கிடைக்காததும். பந்தின் மேல் வேறு நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். உள்ளே வைத்திருக்கும் எடைக் கட்டியை கோர் என்பார்கள், அதன் தலை எந்தப் பக்கம் என்று காட்டுவது அது. உங்கள் கையிலிருந்து விடுபடும்போது பந்து ஓர் அச்சில் சுழலும், அந்த அச்சின் முனை ஆளுக்கு ஆள் மாறும். புள்ளிக்கும் அந்த முனைக்கும் இடையே 3⅜ அங்குலம் வைத்துத் துளைத்தால் ஃப்ளேர் உச்சத்தில் இருக்கும். புள்ளியை முனையின் மேலேயே வைத்தாலோ, பந்தின் சுற்றளவில் கால் பங்கான 6¾ அங்குலம் தள்ளி வைத்தாலோ, 0.054 பந்தில்கூட ஃப்ளேர் ஏறக்குறைய காணாமல் போகும். ஒரே பந்து, ஒரே அட்டை, இரண்டு விதமான ஓட்டம். ஆகவே கடைக்காரர் உங்களை நாலு பந்து வீசச் சொல்லி அந்த முனையை அளக்காமல் துளையிடும் கருவியைக் கையில் எடுத்தால், ‘அண்ணே, கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்லத் தயங்காதீர்கள். எனக்குத் துளைத்துக் கொடுத்தவர் அளக்கவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது.

இன்னொன்று, காய்ந்த லேனில் ஃப்ளேர் கூடினால் பெரிய பலன் இல்லை. எங்கே பார்த்தாலும் பிடிப்புதான், புதிய தோல் எதற்கு?

சரி, இவ்வளவு சொல்லியும் இரண்டு எண்களும் இரண்டாம் பட்சம்தான். பந்தின் ஓட்டத்தை முதலில் தீர்மானிப்பது அதன் மேல்தோல். கவர்ஸ்டாக் என்பார்கள். அதிலும் அந்தத் தோல் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பது.

ஏன் என்று பார்க்கலாம். பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம். மணிக்கு 16 மைல் வேகத்தில் போகும் பந்து வழுக்காமல் சுத்தமாக உருள வேண்டுமானால் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். நம் கை கொடுப்பது 200, 300. நன்றாகச் சுழற்றுகிறவர்கள் 400-ஐத் தாண்டுவார்கள். மிச்சத்தைக் கொடுப்பது யார்? தரையின் உராய்வு. முதலில் வழுக்கல், பிறகு வளைவு, கடைசியில் உருளல் என்று மூன்று கட்டமாகப் பந்து போவது இதனால்தான். உருளத் தொடங்கிய பந்து அதற்கு மேல் வளையாது. உராய்வு எங்கே, எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் மொத்தக் கதை. கோர் அதில் சில அடிகளை முன்னே பின்னே நகர்த்தும், அவ்வளவே.

கிரிட் என்பது தேய்ப்புத் தாளின் எண், சிறியதென்றால் சொரசொரப்பு அதிகம். அட்டையில் ‘அப்ரலான் 2000’ என்று போட்டிருப்பதும் அப்படி ஒரு தாளைத்தான். 500 கிரிட் தாளில் தேய்த்த பந்து எண்ணெயைக் கிழித்துக்கொண்டு சீக்கிரம் தரையைப் பிடிக்கும். 4000 கிரிட்டில் தேய்த்தாலோ பாலிஷ் போட்டாலோ வழுக்கிப் போய்க் கடைசியில் திரும்பும். ஒரே மாடலில் இரண்டு பந்தை எடுத்து இந்த இரண்டு விதமாகத் தேய்த்தால், பார்ப்பவர் இரண்டும் வேறு வேறு மாடல் என்றே சொல்வார். ஆனால் ஆர்.ஜி. அதேதான், டிஃபரென்ஷியலும் அதேதான்.

இங்கே கண்ணும் நம்மை ஏமாற்றும். பாலிஷ் போட்ட பந்து கடைசியில் ‘டக்’ என்று திரும்புவதைப் பார்த்து, இதுதான் அதிகம் வளைகிறது என்று நினைப்போம். மங்கலான பந்து முப்பதாவது அடியிலிருந்தே மெல்ல மெல்ல வளைந்து, மொத்தத்தில் லேன் தரையின் பலகைகளில் அதிகமானவற்றைக் குறுக்கே கடந்திருக்கும். அது கண்ணில் விழாது. எவ்வளவு வளைகிறது, எந்த வடிவத்தில் வளைகிறது, இரண்டும் வேறு. பந்து நிறுவனங்கள் போடும் ‘ஹூக்’ (வளைவு) மதிப்பெண் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனி அளவுகோல். ஒன்றின் 8-ஐ இன்னொன்றின் 8-ஓடு ஒப்பிடவே கூடாது.

எடை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 15 பவுண்ட் பந்தின் எண்கள். 14-க்கு அவை கொஞ்சம் மாறும். 12, 13 பவுண்டில் பல மாடல்களுக்கு உள்ளே இருப்பது அந்தக் கோரே கிடையாது. பொதுவான வேறு ஒரு கோரை வைத்து, வெளியே அதே பெயரை ஒட்டி விற்பார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் அந்த எடைக்கான எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய வீடியோக்களையும் தேதி பார்த்து நம்புங்கள். ‘பக்கவாட்டில் இன்னொரு துளை போட்டால் ஃப்ளேர் கூடும்’ என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. விரல் வைக்காத அந்தச் சமன் துளையை அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்துவிட்டது. அதை நம்பித் துளைத்தால் லீக்கில் பந்தை வெளியே வைக்கச் சொல்வார்கள்.

கடைசியாக, அட்டை சொல்லாத ஒன்று. ரியாக்டிவ் ரெசின் என்ற வகைத் தோல் போட்ட பந்து எண்ணெயைக் குடிக்கும். லேனில் ஓடி ஓடி அதன் சொரசொரப்பும் தேய்ந்து வழவழப்பாகும். சில மாதத்தில் ‘பந்து செத்துப்போச்சு’ என்று அடுத்ததைத் தேடக் கிளம்பிவிடுவோம். அதற்கு முன் துளைகளை டேப்பால் மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, இருபது நிமிடம் பந்தை அதில் போட்டு வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பந்தில் விரிசல் விழுந்துவிடும். மேலே எண்ணெய் பூத்து மிதப்பதைக் கண்ணால் பார்க்கலாம். துடைத்துக் காயவைத்து, பழைய கிரிட்டில் ஒரு முறை தேய்க்கக் கொடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு தேய்க்கக் கூடாது, அதனால் முந்தின நாளே முடித்துவிடுங்கள். என் முதல் பந்துக்கு இதைச் செய்ததோடு, துளைகளை அடைத்து முனையை அளந்து மறுபடி துளைக்கவும் வைத்தேன். இப்போது எண்ணெய் அதிகம் பூசிய நாட்களில் பையிலிருந்து முதலில் வெளியே வருவது அதுதான்.