டிரைவ் எரர் திரும்பத் திரும்ப வந்தால் செய்யக்கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் கையில் கேமிங் லேப்டாப் பெருகியதிலிருந்து இதே கதைதான். கேம் பாதியில் உறையும், நீலத்திரை வரும், மறுபடி ஆன் செய்தால் டிரைவைச் சரிபார்க்கிறேன் என்று விண்டோஸ் ஓடத் தொடங்கும். அந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் பழுது பார்க்கிறவர்கள் ஆரம்பத்தில் செய்தவைதான். ஸ்குரூவைத் தொலைக்காதே என்பது போன்றவற்றை விட்டுவிடுவோம்.

செக்டிஸ்க்கை மருந்தாக நினைப்பது

இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான். எரர் வந்ததும், டிரைவைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை (chkdsk) "ஸ்லாஷ் ஆர்" (/r) சேர்த்து ஓட்டுகிறார்கள். இரண்டு நாள் சும்மா இருக்கும். மறுபடி எரர், மறுபடி ஓட்டம். நாலாவது தடவை டிரைவே தெரியாது. உள்ளே இறுதியாண்டு புராஜெக்ட்.

பழைய வட்டிக்கடைப் பேரேட்டைச் செல் அரித்துவிட்டது என்று வையுங்கள். கணக்கை நேராக்கச் சொன்னால், கணக்கப்பிள்ளை படிக்க முடியாத வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டித் தருவார். கணக்கு நேராகிவிடும், அடித்த வரியில் யார் பாக்கி இருந்தது என்பது போய்விடும். செக்டிஸ்க்கும் அப்படித்தான். ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற டிரைவின் கணக்கு, முரணில்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. அறுந்துபோன துண்டுகளை "ஃபவுண்ட்.000" என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவைக்கும். செய்ததைத் திருப்ப வழியில்லை. போதாததற்கு "ஆர்" ஒவ்வொரு செக்டரையும், அதாவது டிரைவின் ஒவ்வொரு சிறு கட்டத்தையும், படிக்கும். சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை மணிக்கணக்கில் அரைக்கும்.

முறை வேறு. விண்டோஸ் தானாகச் சோதிக்கத் தொடங்கினால், அந்தச் சில விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி நிறுத்துங்கள். டிரைவ் இன்னும் தெரிகிறதென்றால் புராஜெக்ட், போட்டோ, கேம் சேவ் ஃபைல் மட்டும் முதலில் வெளி டிரைவுக்குப் போகட்டும். கேமை மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். காப்பி நடுவில் தொங்கினால் வற்புறுத்த வேண்டாம். சிஸ்டம்ரெஸ்க்யூ (மீட்புக்கான லினக்ஸ்) பென்டிரைவில் பூட் செய்து, பழுதான டிரைவைப் பிரதி எடுக்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) கொண்டு, அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிரைவுக்கு முழுப் பிரதி எடுங்கள். முதல் சுற்று "என்" (-n) ஆப்ஷனோடு: கஷ்டமான இடங்களைக் குடையாமல் சுலபமாக வருவதை அள்ளும். அடுத்த சுற்று "ஆர்3" (-r3): விட்டுப்போனதை மூன்று முறை முயலும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலை மூன்றாவது டிரைவில் வையுங்கள், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் எது, பிரதி எது என்பதை மாடல் எண், கொள்ளளவு இரண்டையும் வைத்து இருமுறை பாருங்கள். மாற்றிப் போட்டால் எல்லாம் போச்சு. அதன்பிறகு செக்டிஸ்க் ஓட்டுவதானால் பிரதியில் ஓட்டுங்கள்.

"குட் 98%" என்பதை நம்புவது

டிரைவின் நலம் பார்க்கும் மென்பொருளான கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இ டிரைவுக்குக் காட்டும் சதவீதம் எழுதித் தேய்ந்த கணக்கு மட்டுமே. "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" (டேட்டா கெட்டுப்போன தடவைகள்) எண் ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய வகையான சாட்டா டிரைவில் 05 (மாற்றப்பட்ட செக்டர்), சி5 (சந்தேகத்துக்குரிய செக்டர்), சி6 (திருத்த முடியாத செக்டர்) என்ற வரிகளைப் பாருங்கள். மூல எண்கள் வழக்கமாகப் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) வரும். 10 என்று இருந்தால் நம் கணக்கில் 16. சி5 சுழியாக இருந்து சி7 (கேபிள் வழியில் வரும் டேட்டா பிழை) மட்டும் ஏறினால், டிரைவை வாங்க ஓடாமல் முதலில் கேபிளைப் பாருங்கள்.

வெயிலை மறப்பது

மதர்போர்டில் நேரே செருகும் எம்.2 டிரைவ் பல மாடல்களில் கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பக் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும், அந்தச் சூடு டிரைவுக்கும் ஏறும். கத்திரி வெயிலில், மெத்தைமேல் வைத்து விளையாடினால் அடிப்பக்கக் காற்றுவழி அடைபடும். ஆத்தங்குடிக் கல் தரையில் பின்புறத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது எவ்வளவோ மேல். செம்மண் தூசி ஃபேனை அடைத்திருக்கும், துடையுங்கள். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடின் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் ஒட்டிய லேப்டாப்புகளும் உண்டு.

ராமைச் சந்தேகிக்காமல் இருப்பது

புதிதாக ராம் போட்ட பிறகு எரர் தொடங்கியதா? ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட்டுங்கள். ராம் கெட்டால் நல்ல டிரைவிலும் தப்பான டேட்டாதான் எழுதப்படும்.

ஃபார்மட் அடித்தால் சரியாகும் என்பது

ஆகாது.

பிட்லாக்கர் சாவி இல்லாமல் தொடங்குவது

டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி பிட்லாக்கர்; அதன் ரெக்கவரி கீயின் 48 இலக்கங்களையும் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) கைவைக்கும் முன்பே எழுதி வையுங்கள். சாவி இல்லாவிட்டால், பிரதி எடுத்தாலும் அது பூட்டிய பெட்டகமாகவே வரும்.