மொரீசியஸிலிருந்து ரீயூனியனுக்குச் சிறு பாய்மரப் படகில்: முதல் தடவை போகிறவர்களுக்கு

போர்ட் லூயிஸிலிருந்து ரீயூனியனின் லெ போர் துறைமுகம் ஏறக்குறைய 130 கடல் மைல், அதாவது 240 கிலோமீட்டர். 8 மீட்டர் நீளமுள்ள படகு மணிக்கு சராசரியாக 5 கடல் மைல் ஓடினால் 26 மணி நேரம் பிடிக்கும். ஒரு பகல், ஒரு இரவு, மறுநாள் காலையில் கொஞ்சம். லகூனுக்குள்ளும் (பவளப்பாறைக்கு உட்பக்கத்து அமைதியான கடல்) கரையோரத்திலும் பாய் விட்டுப் பழகியவர்கள் கரை மறையும் கடலுக்குப் போக ஆசைப்பட்டால், நம் ஊரிலிருந்து இதைவிட நல்ல முதல் பாதை இல்லை. காற்று பின்பக்கமிருந்து தள்ளும். போய்ச் சேரும் இடம் 3,070 மீட்டர் உயர மலையுள்ள தீவு.

இந்தப் பாதையில் ஆட்களைச் சிக்க வைப்பது பெரும்பாலும் புயல் இல்லை. தேய்ந்த கயிறு, அழுக்கு டீசல், வாந்தி, தூக்கம் என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான், அதுவும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் கரையில் செய்யவேண்டிய வேலை. படகில் மூன்று பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் இந்தக் கடலை முன்பே கடந்தவராக இருக்க வேண்டும். முதல் தடவை தனியாகப் போகாதீர்கள்.

படி 1: திரும்பி வருவதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் போவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். கஷ்டம் வருவதில் இருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி நமக்குத் தென்கிழக்குக் காற்று. போகும்போது அது இடது பின்பக்கத்திலிருந்து வந்து படகைத் தள்ளும். வரும்போது அதே காற்றும் அதே அலையும் முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராக ஓடாது, இடமும் வலமும் மாறி மாறி வெட்டித்தான் ஏற வேண்டும். 130 மைல் 180, 190 ஆகிவிடும். 'திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது' என்று மோசமான காற்றில் ரீயூனியனிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

குளிர்காலத்தில் தெற்கே ஒரு காற்றுமுகப்பு (குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் சந்திக்கும் எல்லை) நெருங்கும்போது தென்கிழக்குக் காற்று தளர்ந்து வடக்குப் பக்கம் திரும்பும். ஒரு நாளோ ஒன்றரை நாளோ கடல் கொஞ்சம் இறங்கும். திரும்புவதற்கு அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருக்க வேண்டும். காத்திருக்க விடுமுறை வேண்டும். குறைந்தது பத்து நாள் லீவு போட முடியாது என்றால் இந்த வருடம் போகாதீர்கள். அல்லது ஆட்கள் விமானத்தில் திரும்பிவிட்டு, படகை நல்ல காற்று வரும்போது போய் எடுத்து வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். டீசலையும் திரும்பும் கணக்கில்தான் நிரப்ப வேண்டும். சின்ன இன்ஜின் மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 30 மணி நேரத்துக்கு 60 லிட்டர், அதற்கு மேல் கையிருப்பு.

படி 2: நாள் பார்ப்பது

மொரீசியஸில் சூறாவளிப் பருவம் நவம்பரிலிருந்து மே நடு வரை. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் காற்று மிகப் பலமாக இருக்கும். மே கடைசி, ஜூன், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம்.

வாக்குவாவிலுள்ள வானிலை நிலையத்தின் அறிக்கையை ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் கேளுங்கள். தெற்கே பெரிய உயரழுத்தக் காற்று மண்டலம் வந்து உட்கார்ந்தால் காற்று பலத்துவிடும், அலையும் மூன்று மீட்டரைத் தாண்டும். 15 முதல் 18 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று, இரண்டு மீட்டருக்குள் அலை, இது இருந்தால் கிளம்பலாம். 25 நாட் என்று சொன்னால் வீட்டிலேயே இருங்கள். காற்று மட்டும் பார்த்தால் போதாது. நம் கடலில் வீசாத காற்றின் அலையும் தென்கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும். அந்த நெடும் அலை அடிக்கும் நாளில் ரீயூனியனின் தெற்கிலுள்ள சேன் பியேர் துறைமுக வாயில் ஆபத்தானது. முதல் பயணத்துக்கு வடமேற்கிலுள்ள லெ போர்தான் சரி.

படி 3: படகைப் பார்ப்பது

இங்கே நேரம் செலவழியுங்கள். கிளம்பும் முன் இரண்டு வார இறுதிகள் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலில் டீசல் தொட்டி. லகூனில் ஓடும் படகின் தொட்டி அடியில் தண்ணீரும் கருப்புச் சேறும் வருடக்கணக்கில் அமைதியாகப் படிந்திருக்கும். வெளிக்கடலின் முதல் ஆட்டத்திலேயே அது கலங்கி ஃபில்டரில் போய் அடைக்கும். இன்ஜினைப் போடுவது எப்போது? மறுநாள் துறைமுகத்துக்குள் நுழையும்போது. அது நிற்பதும் அப்போதுதான். ஒரு பயணத்தில் லெ போர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் என் அக்கா மகன், "மாமா, இன்ஜின் திணறுது, கேளுங்க" என்றான். சத்தம் ஏறி இறங்கியது, அப்புறம் நின்றது. பாயை இறக்காமல் வைத்திருந்ததால் படகு கரையை விட்டு விலகி ஓடிக்கொண்டே இருந்தது. நான் கீழே இறங்கினேன், அவன் டார்ச் பிடித்தான். ஃபில்டருக்கு அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் காபி டிகாஷன் மாதிரி ஒரு விரல் அளவு கருப்பு. அடித் திருகைத் திறந்து வடித்து, ஃபில்டரை மாற்றி, இன்ஜின் பக்கத்துக் காற்றுத் திருகைக் கால் சுற்று தளர்த்தி, கைப் பம்பை அடித்தோம். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழியோடு டீசல், கடைசியில் குமிழி இல்லாத சுத்தமான டீசல். திருகை இறுக்கினோம், இன்ஜின் பிடித்தது.

இந்த வேலையைத் துறைமுகத்தில் கட்டி நிற்கும் படகில், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். இரண்டு ஃபில்டர் உபரியாக வேண்டும். தொட்டியின் அடியை வடித்துச் சுத்தம் செய்வது அதைவிட முக்கியம்.

அடுத்தது கயிறு. முன்பாயைச் சுற்றி வைக்கும் கயிறும் பெரிய பாயின் கயிறும் எங்கே உலோகத்தில் உரசுகின்றனவோ அங்கே விரலால் தடவிப் பாருங்கள். பஞ்சு மாதிரி நூல் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். 26 மணி நேரம் ஒரே பக்கக் காற்றில் ஓடும்போது கயிறு ஒரே இடத்திலேயே தேயும். நடுவில் சில மணிக்கு ஒரு முறை கயிற்றை ஒரு சாண் இழுத்தோ விட்டோ உரசும் இடத்தை மாற்றுவது நல்ல பழக்கம்.

சுக்கான்: சக்கரம் வைத்த படகானால் அவசரக் கைப்பிடியை எடுத்து, உண்மையிலேயே பொருத்தி, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படகின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வந்து போகும் ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டை முளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் கழன்றால் இருட்டில் தேட வேண்டாம்.

பாதுகாப்புப் பொருள்களில் எதையும் குறைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஹார்னஸ் (ஆளைப் படகோடு இணைக்கும் வார்) சேர்ந்த லைஃப் ஜாக்கெட், அப்புறம் லைஃப் ராஃப்ட் (உயிர்காக்கும் தெப்பம்), கையில் பிடிக்கும் அபாய ஒளிச்சுடர். வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான சானல் 16. ஆனால் நடுக்கடலில் அந்த ரேடியோ கரையை எட்டாது, பக்கத்தில் போகும் கப்பலைத்தான் எட்டும். அதனால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அழைப்பு அனுப்பும் இபிர்ப் கருவி கட்டாயம். அதை உங்கள் படகின் பேரில் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத கருவி கத்தினால் யாரைத் தேடுவது என்று மீட்பவர்களுக்குத் தெரியாது.

படி 4: திசை

புதியவர்கள் மிகச் சுலபமாகத் தவறும் இடம் இது. வரைபடத்தில் போர்ட் லூயிஸிலிருந்து லெ போருக்குக் கோடு போட்டால் ஏறக்குறைய 250 பாகை. நம் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கைக் காட்டாது, 19 பாகை அளவுக்கு மேற்கே விலகி நிற்கும். மேற்கு விலக்கத்தைக் கூட்ட வேண்டும். 250, 19, மொத்தம் 269. அதாவது படகிலுள்ள திசைகாட்டியில் கிட்டத்தட்ட நேர் மேற்கு. 250ஐ அப்படியே பிடித்து ஓட்டினால் படகு உண்மையில் 231இல் போகும். தீவின் வடக்கே போக வேண்டியவர்கள் தெற்குப் பக்கம் போய் நிற்பார்கள். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று நினைக்கலாம். பேட்டரி தீர்ந்த இரவில் இருப்பது திசைகாட்டி மட்டும்தான். சரியான விலக்கம் உங்கள் வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து எண்ணைச் சுக்கான் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மணிக்கு ஒரு முறை இடத்தையும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

டேப்லெட் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் கோடு போடாதீர்கள். சிறிதாக இருக்கும்போது பவளப்பாறை திரையில் தெரியாமலே போகலாம். 2020 ஜூலை 25 அன்று நம் தீவின் தென்கிழக்கில் புவாந்த் தெஸ்னி அருகே பாறையில் ஏறிய வகாஷியோ 300 மீட்டர் நீளக் கப்பல். போன் சிக்னலுக்காகக் கரையை நெருங்கியதும், அந்தக் கரைக்கு ஏற்ற விரிவான வரைபடம் இல்லாததும் விசாரணையில் வந்தன. அதிலிருந்து கடலில் கசிந்த எண்ணெயைக் கையால் அள்ளியவர்கள் நம் ஊர்க்காரர்கள், நாம் மறக்கக் கூடாது.

படி 5: காகிதமும் கரையிலிருக்கும் ஆளும்

போர்ட் லூயிஸில் சுங்கம், குடிவரவு, கடலோரக் காவல் படை மூன்றிலும் வெளியேறும் பதிவு முடித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பாஸ்போர்ட், படகின் பதிவுச் சான்று, ஆட்கள் பட்டியல் பல பிரதிகள்.

அதோடு கரையில் பொறுப்பான ஒருவரிடம், அக்காவோ மச்சானோ, ஒரு தாள் கொடுங்கள். படகின் பெயர், நிறம், ஆட்கள், புறப்படும் நேரம், சேரும் நேரம், எந்த மணி தாண்டினால் மீட்பு மையத்துக்குப் போன் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்த மணியைத் தாராளமாக வையுங்கள். காற்று தளர்ந்தால் 26 மணி 36 ஆகும்.

படி 6: கிளம்பும் நாள்

காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள், மறுநாள் பகலில் சேர்வீர்கள். வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் முந்தின இரவே ஒன்று போட வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு நல்லது, ஒரு நாள் கெடாது, அடுப்பும் வேண்டாம். இஞ்சி, பிஸ்கட், ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் கடல் சாதுவாக இருக்கும். மலைகள் காற்றை மறைக்கின்றன. இதை நம்பி முழுப் பாயையும் விரித்துவிடாதீர்கள். தீவின் மறைப்பைத் தாண்டிய இடத்தில் முழுக் காற்றும் முழு அலையும் ஒன்றாக வந்து மோதும். படகு சாய்ந்து கட்டுக்கு அடங்காமல் போகும் அதே நேரத்தில் ஆட்களுக்கும் குமட்டல் ஆரம்பிக்கும். பாயைச் சுருக்க மேல்தளத்துக்குப் போகக் கூடியவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால் மறைப்பில் இருக்கும்போதே பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிடுங்கள். வேகம் குறைவாகத் தோன்றும், பரவாயில்லை.

மீனவர்கள் டி.சி.பி. என்று சொல்லும் மீன் கூட்டும் மிதவைகள் இரண்டு தீவுகளின் வெளிக்கடலிலும் உண்டு. அதன் கயிறு சுக்கானில் மாட்டினால் பெரிய வேலை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை கூனல் திமிங்கிலங்களும் வரும். பகலில் ஒருவர் கண் எப்போதும் முன்னால் இருக்கட்டும்.

படி 7: இரவு

இருட்டும் முன் எல்லோரும் ஹார்னஸ் மாட்டி, படகோடு கொக்கி போட்டுவிட வேண்டும். ஒன்றுக்குப் போகவும் கொக்கியோடுதான். இரவில் விழுந்தவரைக் கண்டுபிடிப்பது மிக மிகக் கடினம்.

காற்று பின்பக்கத்திலிருந்து வருவதால், சுக்கான் பிடித்தவர் ஒரு கணம் கண் அசந்து அலை படகைத் திருப்பிவிட்டால், பாயின் அடிக்கட்டை முழு வேகத்தில் மறுபக்கம் பாயும். தலை எதிரே இருந்தால் உயிருக்கே ஆபத்து. கட்டையின் நுனியிலிருந்து ஒரு கயிற்றைப் படகின் முன் முனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சுக்கான் பக்கம் திருப்பிக் கட்டுங்கள். கட்டை அசையாது.

மூன்று மணிக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். அடிவானத்தில் தெரிகிற கப்பல் இருபது நிமிடத்தில் உங்கள் மேல் இருக்கும். அதன் சிவப்பு, பச்சை இரண்டு விளக்கும் ஒன்றாகத் தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது. உடனே விலகுங்கள், சானல் 16இல் கூப்பிடுங்கள். அதில் ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள். தானியங்கிச் சுக்கானும் விளக்கும் ரேடியோவும்தான் அந்த பேட்டரிக்கு உரிமையானவை.

படி 8: சேர்வது

விடியும்போது மேகம் ஏறும் முன் மலை முழுதாகத் தெரியும். பார்த்ததும் வந்துவிட்டோம் என்று பாயை இறக்கத் தோன்றும், இறக்காதீர்கள். ரீயூனியனின் தலைநகரான சேன் தெனி பக்கம் காற்று தீவின் வடக்கு முனையை வளைத்துக்கொண்டு மறுபடி பலமாக வீசும். அதைத் தாண்டி லெ போர் நெருங்கும்போதுதான் தளரும். இன்ஜினை வாயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுச் சோதியுங்கள். உதவி வேண்டுமானால் சானல் 16, போன் எடுத்தால் 196, அது பிரெஞ்சுக் கடல் மீட்பு எண். ஆசையாக இருந்தாலும் கடலில் குதிக்க வேண்டாம். சுறா ஆபத்தினால் 2013லிருந்து லகூனுக்கும் காவலுள்ள இடங்களுக்கும் வெளியே குளிக்கத் தடை இருக்கிறது.

துறைமுகத்தில் மஞ்சள் கொடியை ஏற்றி, சுங்கமும் குடிவரவும் வரும் வரை படகிலேயே இருங்கள். சேன் ஆந்த்ரேயிலுள்ள சொந்தக்காரர்களுக்கென்று மாங்காய், வெற்றிலை, கறிவேப்பிலை எடுத்து வர வேண்டாம். செடி, இலை, பழத்தோடு வரும் பூச்சியும் நோயும் அங்குள்ள தோட்டங்களைக் கெடுத்துவிடும், அதனால் கட்டுப்பாடு கடுமை. மீந்த காய்கறி இருந்தால் அதிகாரியிடம் நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அனுமதி முத்திரை விழுந்ததும் முதல் போன் கரையில் தாள் வைத்திருப்பவருக்கு.