மகள் பிரசவத்துக்கு ஜெர்மனி போகும் அம்மாவுக்கு: 90 நாளை எண்ணுவது எப்படி?

மகள் மியூனிக்கில் இருக்கிறாள், ஏழாம் மாதம். அம்மா போய் ஆறு மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று பெங்களூரு அல்சூர் வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஒரு வருட விசா கிடைத்தால் ஒரு வருடம் தங்கலாம் என்பதுதான் பலருடைய நினைப்பு. அப்படி இல்லை. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகியகால விசாதான் ஷெங்கன் விசா; அது ஐந்து வருடத்துக்குக் கையில் இருந்தாலும், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரைதான் தங்கலாம். அதனால் டிக்கெட் தேடுவதற்கு முன்பே காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. நாளை எண்ணுங்கள், மாதத்தை எண்ணாதீர்கள்

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூன்று மாதம்தான். ஆனால் எண்ணிப் பார்த்தால் 92 நாள் வரும். இறங்கி இமிகிரேஷன் தாண்டும் நாள், திரும்பும்போது அங்கே இமிகிரேஷன் தாண்டும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும். பெங்களூரில் விமானம் ஏறிய தேதிக்கும் வந்து இறங்கும் தேதிக்கும் இதில் வேலையில்லை.

2. பின்னோக்கி 180 நாள் பாருங்கள்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். இந்த 180 நாள் ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிகிற நிலையான அரையாண்டு இல்லை. தினமும் ஒரு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றையும் சேர்த்துப் பின்னால் 180 நாளில் மொத்தம் எத்தனை நாள் உள்ளே இருந்தீர்கள் என்று பார்ப்பார்கள்.

அம்மா 2026 ஜனவரி 5 அன்று போய் மார்ச் 25 அன்று திரும்புகிறார் என்று வையுங்கள். ஜனவரியில் 27, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 25. ஆக 80 நாள். பேரனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று மே 1 மறுபடி போனால், மிச்சமிருக்கும் 10 நாள்தான். மே 10 அன்று கிளம்பியாக வேண்டும். பழைய நாள்களில் முதல் நாளான ஜனவரி 5 கணக்கிலிருந்து கழிவதே ஜூலை 4 அன்றுதான்.

அதே அம்மா ஜூன் 24 வரை பொறுத்துப் போனால், விசாவும் அதுவரை செல்லுபடியானால், செப்டம்பர் 21 வரைக்கும் முழுதாக 90 நாள் இருக்கலாம். காரணம், நடுவில் தொடர்ந்து 90 நாள் வெளியே இருந்துவிட்டார். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கால்குலேட்டர் இருக்கிறது; உங்கள் தேதிகளைப் போட்டு ஒரு தடவை சரிபாருங்கள்.

3. எந்த நாடு கணக்கில் வரும்?

ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அங்கே ஒரு வாரம் சுற்றினாலும் நாள் ஓடும். 2023இல் குரோஷியா சேர்ந்தது. ருமேனியா, பல்கேரியா தரை எல்லைகளும் 2025 ஜனவரி 1 முதல் சேர்ந்துவிட்டன. பிரிட்டன், அயர்லாந்து வெளியே. அங்கே தனி விசா வேண்டும், இருக்கும் நாள் இந்தக் கணக்கில் வராது. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் லண்டன் போய்விட்டால் திரும்ப உள்ளே வர முடியாது.

4. ஆறு மாதத்துக்கு ஆள் வேண்டுமே?

போன பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கடும் நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்குத்தான் நீட்டிப்பு. 90 நாளுக்கு மேல் தங்க அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

என்னைக் கேட்டால் நல்ல வழி, சம்பந்தியம்மாவோடு பேசி முறை வைத்துக்கொள்வது. 90 நாள் கணக்கு ஆளுக்கு ஆள் தனி. பிரசவத்துக்கு இவர், மூன்றாம் மாதத்திலிருந்து அவர். இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம் இருந்தால் அதற்கு விசா அலுவலகம் பொறுப்பில்லை! இருவரும் ஒரு வாரம் சேர்ந்து இருக்கும்படி தேதி வையுங்கள், வேலையைக் கைமாற்றிக்கொள்ள வசதி.

5. விண்ணப்பம்

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், சீக்கிரமே பாருங்கள். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. செலவை மகள் ஏற்பதானால் அவள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புக் கடிதம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

6. விசா வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள்

அதில் இரண்டு தேதிகளும், தனியாகத் தங்கும் நாள் எண்ணிக்கையும் இருக்கும். தேதிகளுக்கு நடுவே 105 நாள் இருந்து, எண்ணிக்கை 90 என்று இருந்தால் 90தான். சிலருக்கு 60 மட்டும் கொடுப்பார்கள். அப்போது உங்கள் எல்லை 60.

7. இமிகிரேஷனில்

பாரிஸ் வழியாக மியூனிக் போனால் இமிகிரேஷன் பாரிஸில். திரும்பும் டிக்கெட், காப்பீடு, மகளின் முகவரி, அழைப்புக் கடிதம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் தானாகவே தெரிந்துவிடும். அபராதம், மறுபடி நுழையத் தடை வரைக்கும் போகலாம். திரும்பும் டிக்கெட்டை 90ஆம் நாளுக்குப் போடாமல் 85ஆம் நாளுக்குப் போடுங்கள். விமானம் ரத்தானாலும் மூச்சு விட இடம் இருக்கும்.

அப்புறம், பால் பொருள்களும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. வீட்டில் உருக்கிய நெய்யும் அதில் அடக்கம். அதை மகள் அங்கேயே வெண்ணெய் வாங்கிக் காய்ச்சிக்கொள்ளட்டும்.