சென்னை வீட்டில் பாலித் தோட்டம்: அமைப்பு அங்கிருந்து, செடிகள் இங்கிருந்து

பாலித் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 டிகிரியிலும் சென்னை வடக்கே சுமார் 13 டிகிரியிலும் இருப்பதால், அங்கே வளர்வதெல்லாம் இங்கேயும் வளரும் என்று சொல்லிச் செடி விற்பவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. அங்கே எரிமலை தந்த வளமான மண்ணும் ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத காற்றும் இருக்கின்றன. இங்கோ ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கத்திரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. கடலை ஒட்டிய பகுதிகள் பலவற்றில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. ஆகவே பாலியிலிருந்து தோட்டத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, செடிகளை நம் வெயிலும் தண்ணீரும் தாங்குபவையாகத் தேர்ந்தெடுப்பதே பணத்தையும் உழைப்பையும் காப்பாற்றும் வழி.

அந்த அமைப்பு எது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பாலியின் மரபான வீடு ஒரே கட்டடமாக இருப்பதில்லை. மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் தனித்தனி மண்டபங்களும், அவற்றின் நடுவே நன்றாகப் பெருக்கி வைத்த வெறும் மண் முற்றமும் இருக்கும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடிக்கும் பசுமைக் காட்டை உலகெங்கும் பரப்பியதில், ஆஸ்திரேலியாவில் பிறந்து 1970களில் பாலியில் குடியேறிய மாதே விஜயா போன்ற வடிவமைப்பாளர்கள் ஓட்டல்களுக்காகச் செய்த தோட்டங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டும் தேவை: ஓரங்களில் அடர்த்தி, நடுவில் வெறுமை. நம்மவர்கள் நடுவிலும் புல்தரை போட்டு, கோடையில் அதற்காக லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். அந்த இடத்தில் செம்மண்ணைக் கெட்டித்துவிட்டாலோ கூழாங்கல் பரப்பினாலோ போதும். பார்வைக்கும் அதுவே பாலிக்கு நெருக்கமானது.

முதலில் பார்வையை மறையுங்கள். பாலி வீட்டு வாசலைத் தாண்டியதும் அலிங்-அலிங் என்னும் சிறு சுவர் எதிரே நிற்கும். தீய சக்திகள் நேர்க்கோட்டில்தான் செல்லும், அவற்றுக்கு வளைந்து திரும்பத் தெரியாது என்பது அங்குள்ள நம்பிக்கை. நம்பிக்கை எப்படியிருந்தாலும், தோட்டத்தை ஒரே பார்வையில் காட்டிவிடாத இந்த உத்தி சிறிய இடத்தைப் பெரிதாக்கிவிடும். ஒரு கிரவுண்டு மனையில் முன்பக்கத்தைக் கார் எடுத்துக்கொள்ளும் என்பதால், பக்கவாட்டிலோ பின்னாலோ கிடைக்கும் இடத்தின் நுழைவில் நாலடி உயரச் சுவர் எழுப்பலாம். சுவர் வேண்டாமென்றால் நந்தியாவட்டையையோ வெட்சியையோ நெருக்கமாக நட்டு வேலியாக்கலாம். நடைபாதை ஒரு முறையாவது வளைய வேண்டும். மூன்றடி அகலம் போதும்.

அடுத்தது நிழல். பாலித் தோட்டத்தின் செழிப்பு மேல், நடு, கீழ் என்ற மூன்று அடுக்குகளிலிருந்து வருகிறது, மேலடுக்கு இல்லாமல் மற்ற இரண்டும் சென்னையில் பிழைப்பதில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் புன்னையும் பூவரசும் உப்புக் காற்றைத் தாங்கும். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரமான அதே புன்னை, பாலியின் கடற்கரைகளிலும் வளர்வதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை நகரம் மறந்திருக்காது. வேர் சுருண்ட பெரிய தொட்டி மரங்களை வாங்கி நடுவதைவிட, இளங்கன்றை நட்டு அது தானாக வேரூன்ற விடுவது பாதுகாப்பானது.

சிறிய இடத்துக்கு ஈழத்தலரியை விஞ்சிய மரம் இல்லை. நர்சரியில் ப்ளூமேரியா என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பாலிக் கோயில்களின் அடையாளமாகிவிட்ட இந்த மரமே அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்ததுதான், ஆகவே செடிகளில் கலப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. முழங்கை நீளக் கிளை ஒன்றை பிப்ரவரியில் வெட்டி, பால் வடிவது நின்று வெட்டு வாய் தோல் போலக் காயும்வரை ஒரு வாரமாவது நிழலில் போட்டுவைத்து, பிறகு மணல் மிகுந்த கலவையில் நட வேண்டும். இலை துளிர்க்கும் முன் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் அடிப்பகுதி அழுகிவிடும்.

நடு அடுக்கில்தான் ஆசை மோசம் செய்யும். படங்களில் பார்க்கும் மரப்பெரணியும் டார்ச் ஜிஞ்சரும் சென்னைக் கோடையில் கருகும். ஹெலிகோனியாவைக் காலை வெயில் மட்டும் விழும் கிழக்குச் சுவரோரம் வைத்தால் தாக்குப்பிடிக்கும். மற்ற இடங்களில் வாழை, கல்வாழை, பெரிய இலைச் சேம்பு, பேரரத்தை ஆகியவற்றை ஒரே வகையில் ஐந்து ஆறாகக் கூட்டி நடுங்கள். வகைக்கு ஒன்றாக நட்டால் அது நர்சரி போலத் தெரியுமே தவிரத் தோட்டமாகாது. பேரரத்தை பாலிச் சமையலிலும் நாட்டு மருந்திலும் சேர்வது, வெட்டவெட்டத் தழைக்கும். தரையில் மஞ்சள், ரம்பை, நிழல் ஆழமான மூலையில் பெரணி.

மண் இடத்துக்கு இடம் மாறும். கடலோர மணலில் தண்ணீர் நிற்காது. அதில் செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் தாராளமாகச் சேர வேண்டும். களிமண் பகுதிகளில், மழைக்காலத்தில் வேர் அழுகாமலிருக்கப் பாத்தியை ஓரடி உயர்த்துங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது; மூல நீரே உப்பாக இருந்தால் கழிவுநீரில் உப்பு இன்னும் ஏறியிருக்கும், இலை நுனிகள் முதலில் பழுப்பாகிக் காட்டும்.

தண்ணீர் இல்லாத பாலித் தோட்டத்தை நினைத்துப் பார்ப்பது கடினம். கல் வாயிலிருந்து ஒழுகும் நீரின் ஓசைதான் அதன் பாதி. இரண்டடி ஆழமுள்ள சிமென்ட் தொட்டியும், கோமுகம் போன்ற ஒரு கல் தூம்பும், சிறு பம்பும் இதற்குப் போதுமானவை. புதுச் சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசியும் என்பதால், நீர் நிரப்பிச் சில நாள் விட்டு வெளியேற்றுவதை இரண்டு மூன்று முறை செய்த பிறகே மீன் விட வேண்டும். கப்பி மீன் கட்டாயம் தேவை, ஏனெனில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. மீன் விட முடியாத சிறு உருளிகளின் நீரை வாரம் ஒருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தாமரைக்கு ஐந்து ஆறு மணி நேர வெயில் தேவை. அல்லி சற்றுக் குறைவிலும் பூக்கும். தொட்டி நிரம்பி வழியும் நீரை மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிட்டால் ஐப்பசி அடைமழையில் முற்றம் குளமாகாது.

பாலியில் சிலைகளுக்குப் பயன்படும் பராஸ் என்னும் மென்கல் நுண்துளை நிறைந்தது; ஆகவே சீக்கிரம் பாசி படர்ந்து பழமை ஏறிவிடும். மாமல்லபுரத்துக் கருங்கல்லில் அது எளிதில் நடக்காது. பாசி வேண்டுமென்றால் நிழலில் செம்புறாங்கல்லை வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருங்கல் சிற்பத்தை அதன் இயல்பான கருமையோடு விட்டுவிடுங்கள். புத்தர் தலையை மட்டும் வாங்கி வைப்பது ஓட்டல் வழக்கம். பாலி மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அவர்கள் வாசலில் நிற்பவர் துவாரபாலகரே. மாமல்லபுரத்தில் துவாரபாலகரைச் சிறிய அளவிலும் செதுக்கித் தருவார்கள். மண்டபம் கட்டுபவர்கள் புல்லுக்கோ கீற்றுக்கோ பதில் மங்களூர் ஓடு வேய்வது நல்லது. புல்லையும் கீற்றையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், தீ அபாயமும் உண்டு. விளக்குகள் மங்கலான மஞ்சளாக, முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கட்டும்.

கட்டுமான வேலைகளைக் கோடையில் முடித்து, கத்திரி கழிந்த பின் ஜூலை, ஆகஸ்டில் நட்டால், வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். மழைக்கு முன் செப்டம்பரில் உயர்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். தை பிறந்ததும் மழையில் கட்டுக்கடங்காமல் வளர்ந்த சேம்பையும் பேரரத்தையையும் பிரித்து, வாழையில் ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். எடுத்த கன்றுகளைக் கேட்டு வாங்கிப் போகத் தெருவில் ஆள் இருப்பார்கள். பங்குனிக்குள் எல்லாப் பாத்திகளிலும் சருகு மூடாக்கு மூன்று விரல் கனத்துக்கு விழுந்திருக்க வேண்டும்.