மாட்டுக்குக் குளிராது, மூச்சுத்தான் முட்டும்

போன வாரம் நீலகிரியில் கேத்திப் பக்கம், புதிதாக இரண்டு கலப்பினக் கறவைகள் வாங்கிய ஒரு தம்பியின் கொட்டகைக்குப் போனேன். நான்கு புறமும் நீலத் தார்ப்பாய். கூரை இடுக்கில்கூடச் சாக்கைத் திணித்திருந்தார். "பனிக்கு அடைத்துவிட்டேன், அண்ணா" என்றார் பெருமையாக. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். புதிதாக மாடு வளர்ப்பவர்கள் தெரியாமல் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். சாணி அள்ளாதது, தீவனம் குறைப்பது பற்றி எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

காற்றை அடைப்பது

உறைபனி இரவில் நமக்குப் பல் தந்தியடிப்பதால் மாட்டுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். கறவை மாட்டின் வயிறே ஓர் அடுப்பு. தின்ற புல் நொதிக்க நொதிக்கச் சூடு வந்துகொண்டே இருக்கும். 5 முதல் 20 டிகிரி வரை அதற்குச் சுகம். அடைத்த கொட்டகையில் மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல் தகரத்தில் கோத்து, விடியற்காலையில் முதுகில் சொட்டும். சாணமும் மூத்திரமும் கிளப்பும் அம்மோனியா நுரையீரலைப் புண்ணாக்கும்.

என் முதல் ஜனவரியில் இரண்டு கன்றுகள் இருமின. குளிர்தான் என்று இன்னொரு தார்ப்பாய் கட்டினேன். ஒன்று நான்காம் நாள் செத்தது. மற்றது பிழைத்தும் வளர்த்தி இல்லை. கிடேரியானதும் கால் விலைக்கு விற்றேன். வந்த கால்நடை மருத்துவர் ஊசியை எடுக்குமுன் தார்ப்பாயைத்தான் அறுத்தார். காசு கொடுத்து வாங்கிக் கட்டிய தார்ப்பாய்! நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

விடியலில் கன்றின் மூக்கு உயரத்துக்குக் குந்திப் பாருங்கள். கண் எரிந்தால் கொட்டகை அடைந்து கிடக்கிறது. நின்றுகொண்டு மோந்தால் தெரியாது. மாடு படுக்கும் உயரம் வரை காற்றைத் தடுத்தால் போதும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் திறந்திருக்கட்டும்.

இளங்கன்றுக்கு அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே குடித்த பால் உடம்பைச் சூடாக்கவே போய்விடும். கன்று படுத்தால் கால் மறையும் அளவுக்குக் காய்ந்த புல் போடுங்கள், பாலைக் கூட்டுங்கள். புல்லில் முழங்காலூன்றினால் துணி நனைகிறதா? மாற்றுங்கள்.

குட்டைக் கயிறு

எழ, படுக்க, திரும்ப, தன்னை நக்கிக்கொள்ள, கால் நீட்ட இடம் வேண்டும் என்று 1965-இல், பண்ணை விலங்குகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிராம்பெல் குழு சொன்னது. ஒரு முழக் கயிற்றில் இதில் எது நடக்கும்?

சீம்பால்

கன்று பிறந்த 2 மணி நேரத்துக்குள் கொடுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முட்டைக்கோஸ் இலை

மருந்தடித்த தோட்டத்து இலை வேண்டாம். கேத்தித் தம்பியின் தொட்டியில் அதுதான் கிடந்தது.