பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கிறதா? காலாலேயே கண்டுபிடிக்கலாம்

"பிரேக் பிடிக்கல" என்பதில் மூன்று வகை உண்டு. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரோ (மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஆயில் கசிவோ காரணம். பெடல் கல்லாக இறுகி, ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்கிறது என்றால், நம் மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் பக்கம் பாருங்கள். இங்கே அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பானட்டைத் திறந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் கறுப்புச் சட்டி மாதிரி உருண்டையாக இருப்பதுதான் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தில் உண்டாகும் வெற்றிடம்தான் (வாக்குவம்) அதற்குப் பலம். டீசல் வண்டியில் இதற்கென்றே தனி வாக்குவம் பம்ப் இருக்கும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

முதலில், இன்ஜினை ஆஃப் செய்து பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். இறுகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லையா? ஒன்று, வாக்குவம் வந்து சேரவில்லை. இல்லை, பூஸ்டர் போய்விட்டது.

அடுத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்து, சற்றுப் பொறுத்து மிதியுங்கள். முதல் ஒன்றிரண்டு மிதி இலகுவாக, பிறகு ஒவ்வொன்றாக இறுக வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் எங்கோ வாக்குவம் கசிகிறது.

கடைசியாக, இன்ஜின் ஓடும்போது மிதித்துப் பிடித்து, ஆஃப் செய்து, 30 விநாடி அசையாமல் இருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டரில் வாக்குவம் நிற்காமல் கசிகிறது.

அவசரப்பட்டு பூஸ்டர் வாங்காதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். பழுது, இன்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் வாக்குவம் ஹோஸில் (ரப்பர் குழாய்) இருந்தது. கிளிப்புக்குக் கீழே, வளைத்துப் பார்த்தால் மட்டும் வாய் திறக்கும் மெல்லிய வெடிப்பு. இன்ஜின் ஓடும்போது ஹோஸ் நெடுக காதை வைத்து 'உஸ்' சத்தம் கேட்கிறதா பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது. பிறகு இன்ஜினை நிறுத்தி, ஹோஸ் பூஸ்டரில் சேரும் இடத்திலுள்ள ஒருவழி வால்வைக் கழற்றி ஊதுங்கள். பூஸ்டர் முனையிலிருந்து ஊதினால் காற்று போகணும், இன்ஜின் முனையிலிருந்து போகவே கூடாது.

பெடலை மிதிக்கும்போது காலருகே சீறல் கேட்டு, ஐடிலிங்கும் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) தடுமாறினால் பூஸ்டருக்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். எல்லாச் சோதனையும் தேறியும் பெடல் இறுக்கமா? பூஸ்டரை விட்டுவிட்டு, பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டதா, அந்தப் பேடை அழுத்தும் காலிப்பர் சிக்கியிருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். சரியாகும்வரை வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம்.